நாலு பக்கமும் அளந்தாயிற்று, அப்புறம் என்ன? நாற்கரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக் கணக்கில் வருகிற நாற்கரமும், பத்திரத்தில் ‘கிழமேலடி’ (கிழக்கு மேற்காக அளந்த அடி), ‘தென்வடலடி’ (தெற்கு வடக்காக அளந்த அடி) என்று எழுதப்படுகிற மனையும் ஒரே உருவம்தான். அதனால் மாணவர்கள் கேட்பதையும், மனை வாங்குபவர்களும் வீடு கட்டுபவர்களும் கேட்பதையும் கலந்தே வைத்திருக்கிறோம். அளவுகள் பெரும்பாலும் அடியில் உள்ளன. 1 சென்ட் 435.6 சதுர அடி. 1 அங்குலத்துக்கு 8 நூல்.

நான்கு பக்க நீளமும் தெரியும். பரப்பளவைச் சொல்ல முடியுமா?

முடியாது. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால், இதை வையுங்கள்.

நான்கு மரச்சட்டங்களை முனையோடு முனை சேர்த்து, மூலைக்கு ஒரே ஓர் ஆணி அடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் தள்ளினால் சாயும். எந்தச் சட்டமும் நீளவில்லை, குறையவில்லை. ஆனால் உள்ளே அடங்கும் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. மூன்று சட்டத்தால் ஆன முக்கோணம் இப்படி அசையாது. இரும்புக் கேட்டில் மூலைக்கு மூலை ஒரு குறுக்குப் பட்டை வைத்துப் பற்றவைப்பது இதனால்தான். பட்டை வைத்ததும் ஒரு நாற்கரம் இரண்டு முக்கோணமாகிவிடுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியில் இதையே காட்டமாகச் சொல்கிறார்: மூலைவிட்டத்தையோ (எதிர் மூலைகளை இணைக்கும் கோடு) செங்குத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவன் பிசாசு, அதற்குப் பதில் சொல்ல முற்படுபவன் அதைவிட மோசம். மனைக் கணக்கில் இன்றும் இந்த இருவரையும் சந்திக்கலாம்.

உண்மையில் எவ்வளவு வித்தியாசம் வரும்? சில சதுர அடிதானே?

ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். வடபுறம் கிழமேலடி 40, தென்புறம் கிழமேலடி 41, கீழ்புறம் (கிழக்கு) தென்வடலடி 30, மேல்புறம் (மேற்கு) தென்வடலடி 39. சுற்றளவு 150 அடி. இதே மனைதான் கீழே பல கேள்விகளில் திரும்ப வரும்.

வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு உள்ள தூரம் 50 அடி என்றால் பரப்பு 1380 சதுர அடி. அதே தூரம் 40 அடி என்றால் 1248. 20 அடி என்றால் 676. வேலிக்கம்பியின் நீளம் மூன்றிலும் ஒன்றே, நிலம் மட்டும் பாதிக்குக் கீழே போய்விட்டது. 20 அடி என்ற நிலை எந்த மனைப்பிரிவிலும் வராது என்பது சரிதான். ஆனால் 50-க்கும் 40-க்கும் நடுவே உள்ள 132 சதுர அடி ஒரு சிறிய அறையின் அளவு.

அப்படியானால் எத்தனை அளவு வேண்டும்?

ஐந்து. முக்கோணத்துக்கு மூன்று அளவு போதும். அதன் மேல் நான்காவது புள்ளியை நிறுத்த இன்னும் இரண்டு. நான்கு பக்கம், ஒரு மூலைவிட்டம் என்பது மிக எளிய ஐந்து. நான்கு பக்கமும் ஒரு கோணமும் கொடுத்தாலும் சரி. மூன்று பக்கமும் அவற்றுக்கு இடையிலான இரண்டு கோணங்களும் கொடுத்தாலும் சரி. நாற்கரம் வரையச் சொல்லும் பாடக் கணக்குகளில் எப்போதும் ஐந்து விவரம் தரப்படுவது இதனால்தான். சரிவகத்துக்கு நான்கு, இணைகரத்துக்கு மூன்று, செவ்வகத்துக்கும் சாய்சதுரத்துக்கும் இரண்டு, சதுரத்துக்கு ஒன்று. பெயரே மீதி விவரத்தைச் சொல்லிவிடுகிறது.

கோணங்கள் மட்டும் நான்கும் தெரிந்தால் எதுவும் தீராது. நான்கும் 90 பாகை என்றால் செவ்வகம் என்பது மட்டும் தெரியும். அது தீப்பெட்டியா, விளையாட்டு மைதானமா என்று தெரியாது.

எந்த நான்கு நீளத்தை எடுத்தாலும் நாற்கரம் வருமா?

மிக நீளமான பக்கம், மற்ற மூன்றின் கூடுதலைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 3, 4, 5, 11 வரும். 3, 4, 5, 12 வராது. மூன்று குச்சியும் நான்காவதன் மேல் நேராகப் படுத்துவிடும். மூலைவிட்டத்துக்கும் எல்லை உண்டு. நம் மனையில் வடமேற்கு–தென்கிழக்கு மூலைவிட்டம் ஒரு பக்கம் 40, 30 அடிகளோடும், மறுபக்கம் 41, 39 அடிகளோடும் முக்கோணம் ஆக வேண்டும். ஆகவே அது 10-க்கு மேல், 70-க்குக் கீழ். யாராவது 72 என்று எழுதித் தந்தால் அளவுநாடாவை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

எதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குகிறார்களே, அது தவறா?

செவ்வகத்துக்கு மட்டும் சரி. மற்ற எல்லா நாற்கரத்துக்கும் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. விற்பவருக்குப் பிடித்த முறை இது, வாங்குபவருக்கு அல்ல.

நம் மனையில் போட்டுப் பார்ப்போம். 40-உம் 41-உம் சேர்த்துப் பாதி 40.5. 30-உம் 39-உம் சேர்த்துப் பாதி 34.5. பெருக்கினால் 1397.25 சதுர அடி. மேலே சொன்ன மூலைவிட்டம் 50 அடி என்று வைத்தால் உண்மையான பரப்பு 1380. இனி நம் மனை என்பது அதுதான். கூடுதல் 17.25.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. 40, 30, 41, 39 என்ற பக்கங்களை எப்படி மடக்கி நிறுத்தினாலும் அதிகபட்சப் பரப்பு 1388.45 சதுர அடிதான். சராசரி முறை சொல்லும் 1397.25 என்ற பரப்பில் இந்தப் பக்க அளவுகளோடு ஒரு மனை இருக்கவே வழியில்லை.

கோணல் கூடினால் பிழையும் கூடும். நான்கு பக்கமும் 100 அடி உள்ள, ஒரு மூலை 60 பாகையாகச் சாய்ந்த நிலத்துக்குச் சராசரி முறை 10,000 சதுர அடி காட்டும், இருப்பது 8660. மூன்று சென்டுக்கு மேல் காகிதத்தில் மட்டும் இருக்கும் நிலம்.

காரணம் எளிது. நாற்கரத்தை ஒரு மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணமாகவும், மற்றதால் வேறு இரண்டு முக்கோணமாகவும் பிரிக்கலாம். ஒவ்வொரு முக்கோணத்தின் பரப்பும் இரு பக்கங்களின் பெருக்கலில் பாதியை, இடைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கியது. இரண்டு பிரிவினையின் பரப்பையும் சராசரி எடுத்து, சைன் மதிப்பு எல்லாவற்றையும் 1 என்று வைத்தால் கிடைப்பதுதான் இந்தச் சூத்திரம். சைன் 1 ஆவது 90 பாகையில் மட்டும். ஒரு மூலை கோணலானாலும் விடை மிகையாகும்.

முறை மிகப் பழையது. எகிப்தில் எட்ஃபூ ஊர் ஹோரஸ் கோயிலின் சுவர்களில் வயல்களின் அளவு இதே முறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் பக்கத்தில் பிரம்மகுப்தர் 628-இலேயே இதைத் தோராய முறை என்று சொல்லித் தனியே பிரித்துவைத்தார்.

பிரம்மகுப்தர் சூத்திரத்தை வைத்தால் மூலைவிட்டம் இல்லாமலே பரப்பு வருமே?

வரும். ஆனால் நான்கு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் இருந்தால் மட்டும். அதற்குப் பெயர் வட்ட நாற்கரம். அதில் எதிர்க் கோணங்களின் கூடுதல் 180 பாகை. பிரம்மகுப்தர் தம் சூத்திரத்தில் இந்த நிபந்தனையை வெளிப்படையாகச் சொல்லவில்லை. குழப்பம் அங்கிருந்தே தொடங்குகிறது.

செய்முறை: சுற்றளவில் பாதியை எடுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழியுங்கள். நான்கு விடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். நம் மனைக்குப் பாதிச் சுற்றளவு 75. கழித்தால் 35, 45, 34, 36. பெருக்கல் 19,27,800. வர்க்கமூலம் 1388.45. மேலே ‘அதிகபட்சம்’ என்று சொன்ன எண் இதுதான்: கொடுத்த நான்கு பக்கங்களுக்கு மிகப் பெரிய பரப்பு தருவது வட்ட நாற்கரமே.

ஆக, மூலைவிட்டம் தெரியாத மனைக்கு இது ஒரு உச்சவரம்பு. பத்திரத்தில் எழுதிய பரப்பு இதையும் தாண்டினால் எங்கோ தவறு இருக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். தாண்டாவிட்டால் சரி என்று அர்த்தம் இல்லை.

சரியாக அளப்பது எப்படி?

முதலில் நான்கு மூலையிலும் புள்ளியை முடிவு செய்யுங்கள். எல்லைக்கல் ஆறு அங்குல அகலம் இருக்கும். ஒரு மூலையில் கல்லின் நடுவையும் இன்னொன்றில் வெளி விளிம்பையும் பிடித்தால் அங்கேயே மூன்று அங்குலம் போயிற்று. நான்கிலும் நடுவைப் பிடியுங்கள், அல்லது முளை அடித்து மேலே ஓர் ஆணி இறக்குங்கள்.

நாடாவில் பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். சிலவற்றில் வளையத்தின் வெளி விளிம்பில், சிலவற்றில் நாடாவுக்குள் சில அங்குலம் தள்ளி. இழை நாடா இழுத்தால் நீளும், இரும்பு நாடா அவ்வளவு நீளாது. தொய்ந்து கிடந்தால் எந்த நாடாவும் கூடுதலாகவே காட்டும். செடி, மண்மேடு எதையும் சுற்றிவராமல் இரு முனைக்கும் நடுவே நூல் பிடித்த நேரில் போக வேண்டும்.

சரிவான நிலத்தில் தரையோடு ஒட்டி அளக்காதீர்கள். பரப்பு என்பது கிடைமட்டப் பரப்பு. 10 பாகைச் சரிவில் தரையோடு அளந்த 100 அடி, கிடைமட்டத்தில் 98.5 அடிதான். நாடாவை ரசமட்டம் பார்த்துப் பிடித்து, தூக்குக்குண்டு இறக்கி, பத்துப் பத்து அடியாகப் படி இறங்குவதுபோல் அளக்க வேண்டும்.

பிறகு நான்கு பக்கம், இரண்டு மூலைவிட்டம், ஆக ஆறு அளவு. கணக்குக்கு ஐந்து போதும், ஆறாவது சரிபார்க்க.

கணக்கு இப்படி. வடகிழக்கு முக்கோணம் 40, 30, 50. பாதிச் சுற்றளவு 60. கழித்தால் 20, 30, 10. 60 × 20 × 30 × 10 = 3,60,000; வர்க்கமூலம் 600. தென்மேற்கு முக்கோணம் 41, 39, 50. பாதி 65; கழித்தால் 24, 26, 15. 65 × 24 × 26 × 15 = 6,08,400; வர்க்கமூலம் 780. மொத்தம் 1380 சதுர அடி, அதாவது 3.17 சென்ட். இதுதான் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஹெரான் சூத்திரம்.

வர்க்கமூலம் பிடிக்கவில்லையா? மூலைவிட்டத்தின் மேல் நூல் கட்டி, மற்ற இரண்டு மூலையிலிருந்தும் அந்த நூலுக்குச் செங்குத்தாக அளக்கலாம். இங்கே 24 அடியும் 31.2 அடியும் வரும். இரண்டையும் கூட்டி, 50-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் அதே 1380. தமிழ்நாட்டு நில அளவைத் துறையின் புலப்படங்களும் இந்த வழியில்தான் அமைந்தவை: புலத்தை மூலைவிட்டங்களால் முக்கோணங்களாக வெட்டி, வளைந்து போகும் எல்லைக்குச் செங்குத்து அளவுகளை எழுதுவார்கள். வெறும் சுற்றளவை நம்பி யாரும் புலப்படம் போடுவதில்லை.

மூலைவிட்டத்தில் சிறு பிழை வந்தால் பரப்பு பெரிதாக மாறிவிடுமா?

முக்கோணங்கள் ‘தடியாக’ இருந்தால் மாறாது. நம் மனையில் 50-ஐ 49 என்று தப்பாக எடுத்தால் பரப்பு 1373.5 வரும், ஓர் அடிப் பிழைக்கு ஆறரைச் சதுர அடி. ஆனால் மூலைவிட்டம் இரு பக்கங்களின் கூடுதலை நெருங்கி, முக்கோணம் ஊசியாக இருந்தால் சில அங்குலப் பிழையே கணக்கைப் புரட்டிவிடும். இரண்டு மூலைவிட்டமும் கையில் இருக்கும்போது தடியான முக்கோணம் தருவதை எடுத்துக் கணக்கிடுங்கள்.

ஆறாவது அளவை வைத்துச் சரிபார்ப்பது எப்படி?

மூன்று வழி. இரண்டாவது மூலைவிட்டத்தாலும் பரப்பைக் கணக்கிட்டு இரண்டும் ஒத்துவருகிறதா என்று பார்க்கலாம். இது முழுமையான சோதனை.

அல்லது வரைந்து பார்க்கலாம். ஓர் அடிக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் நம் மனை ஏ4 தாளில் அடங்கும். 50 அடிக்கு 250 மி.மீ. கோட்டைத் தாளில் சாய்வாகப் போட்டு, இரு முனையிலிருந்தும் கவராயத்தால் 40, 30 அடிக்கான வில்லை ஒரு பக்கமும் 39, 41 அடிக்கான வில்லை மறுபக்கமும் வெட்டுங்கள். கவராயம் எட்டாவிட்டால் நூலும் ஊசியும் போதும். இரண்டாவது மூலைவிட்டம் 279 மி.மீ. சுமாருக்கு வரும், அதாவது 55.87 அடி, 55 அடி பத்தரை அங்குலம். நாடாவில் அதற்குப் பக்கத்தில் வரவில்லை என்றால் ஆறில் ஏதோ ஒன்று தப்பு.

மூன்றாவது, மனக்கணக்கில் முடிவது. எந்த நாற்கரத்திலும் இரண்டு மூலைவிட்டங்களின் பெருக்கல், எதிர்ப் பக்கங்களைப் பெருக்கிக் கூட்டியதைத் தாண்டாது. இங்கே 40 × 41 + 30 × 39 = 2810. மூலைவிட்டங்கள் 50 × 55.87 = 2793 சொச்சம். தாண்டவில்லை. 55.87-க்குப் பதில் 57 என்று எழுதியிருந்தால் 2850 ஆகித் தாண்டியிருக்கும், பிழை பிடிபட்டிருக்கும். இது தாலமியின் விதி. இரண்டும் சமமானால் அது வட்ட நாற்கரம்.

இந்த மனையின் உருவத்துக்குப் பெயர் என்ன?

சரிவகம். 30, 40, 50 என்று வந்தபோதே வடகிழக்கு மூலை செங்கோணம் என்று தெரிந்தது. வடமேற்கு மூலையும் செங்கோணமே: 40-இன் வர்க்கமும் 39-இன் வர்க்கமும் கூட்டினால் 3121, அதன் வர்க்கமூலம்தான் அந்த 55.87. ஆகவே கீழ்புற எல்லையும் மேல்புற எல்லையும் இணை. இடைத்தூரம் 40 அடி. தென்புற எல்லை மட்டும் சாய்கிறது. சரிவகச் சூத்திரப்படி 30-ஐயும் 39-ஐயும் கூட்டி, 40-ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 1380. சராசரி முறை எங்கே வழுக்கியது என்பதும் இங்கே தெரிகிறது. செங்குத்துத் தூரமான 40-ஐ எடுக்க வேண்டிய இடத்தில் சாய்வுப் பக்கமான 41-ஐயும் சேர்த்து 40.5 ஆக்கிவிட்டது.

தேர்வில் மாணவர்கள் மதிப்பெண் இழப்பதும் இதே இடத்தில்தான். சரிவகத்தின் உயரம் என்றால் இணைப் பக்கங்களுக்கு இடையே உள்ள செங்குத்துத் தூரம், சாய்வுப் பக்கம் அல்ல.

சதுரம் செவ்வகமா? சாய்சதுரம் பட்டமா?

ஆம், ஆம். நான்கு கோணமும் 90 பாகையாக இருப்பதெல்லாம் செவ்வகம். சதுரமும் அப்படித்தான் இருக்கிறது. நான்கு பக்கமும் சமமாக இருப்பதெல்லாம் சாய்சதுரம். சதுரம் அதிலும் சேரும். இவை எல்லாம் இணைகரங்கள். அடுத்தடுத்த பக்கங்கள் இரண்டிரண்டாகச் சமமாக இருப்பது பட்டம் என்பதால் சாய்சதுரமும் அதில் அடங்கும். மாமரம் மரமா என்று கேட்பது போன்ற கேள்விதான் இது. தலைகீழாகக் கேட்டால் மட்டும் விடை மாறும்.

சரிவகத்தில் மட்டும் உண்மையான கருத்து வேறுபாடு உண்டு. ‘ஒரே ஒரு சோடி இணைப் பக்கங்கள்’ என்று சில புத்தகங்களும், ‘குறைந்தது ஒரு சோடி’ என்று சில புத்தகங்களும் வரையறுக்கின்றன. இரண்டாவதன்படி இணைகரமும் ஒரு சரிவகம். எது சரி என்று சண்டை போடுவதில் பயன் இல்லை. உங்கள் பாடநூலில் உள்ளதை எழுதுங்கள். இணையத்தில் அமெரிக்கக் காணொலி பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நாம் டிரபீசியம் என்பதை அவர்கள் டிரபிசாய்டு என்பார்கள். அவர்களுடைய டிரபீசியத்தில் எந்தப் பக்கமும் இணை இல்லை.

மூலைவிட்டத்தை மட்டும் பார்த்து உருவத்தைச் சொல்ல முடியுமா?

முடியும், ஒழுங்காகப் பார்த்தால். ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டினால் இணைகரம். சரிபாதியாக வெட்டி, நீளமும் சமமானால் செவ்வகம். சரிபாதியாகவும் செங்குத்தாகவும் வெட்டினால் சாய்சதுரம். மூன்றும் இருந்தால் சதுரம். ஒன்று மட்டும் மற்றதைச் செங்குத்தாகப் பாதியாக்கினால் பட்டம்.

‘மூலைவிட்டம் இரண்டும் சமம், ஆகவே செவ்வகம்’ என்று எழுதுவது தவறு. இருசமபக்கச் சரிவகத்திலும் அவை சமமே.

கட்டுமான இடத்தில் மூலை சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

எதிர்ப் பக்கங்கள் சமமா என்று முதலில் பாருங்கள். பிறகு மூலைக்கு மூலை இரண்டு அளவும் சமமா என்று பாருங்கள். இரண்டும் தேவை. முதலாவது மட்டும் இருந்தால் சாய்ந்த இணைகரமாக இருக்கலாம். இரண்டாவது மட்டும் இருந்தால் சரிவகமாக இருக்கலாம்.

20 × 30 அடி கட்டடத்துக்கு மூலைவிட்டம் 1300-இன் வர்க்கமூலம், 36.056 அடி, அதாவது 36 அடிக்கு மேல் 5 நூலும் கொஞ்சமும். மூலை ஒரே ஒரு பாகை விலகினால் ஒன்று 36.34 அடி, மற்றது 35.76 அடி. வித்தியாசம் 7 அங்குலம்! கண்ணுக்குத் தெரியாத ஒரு பாகையை நாடா ஏழு அங்குலமாகப் பெரிதாக்கிக் காட்டுகிறது. மூலை மட்டத்தை (செங்கோணம் பார்க்கும் ‘எல்’ வடிவக் கருவி) மட்டும் நம்புவதைவிட இது பல மடங்கு நுட்பமானது. இரண்டடி மட்டத்தின் முனையில் ஒரு பாகை என்பது அரை அங்குலத்துக்கும் குறைவு.

இந்த ஒரு பாகையால் பரப்பு குறைவது ஒரு சதுர அடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அப்படியே விட்டுவிடலாமா என்றால், டைல்ஸ் போடும் நாளில் தெரியும். 20 அடிச் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாலேகால் அங்குலம் விலகியிருக்கும். ஓரத் துண்டுகள் ஆப்பு வடிவில் வெட்டப்படும்.

வித்தியாசம் வந்தால் எல்லா முளையையும் பிடுங்க வேண்டாம். 30 அடி நூல் ஒன்றை அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்புறத்து இரண்டு முளைகளையும் சேர்த்து, அந்த நூலுக்கு இணையாக, நீளமான மூலைவிட்டம் குறையும் திசையில் நகர்த்துங்கள். எவ்வளவு? வித்தியாசத்தை மூலைவிட்டத்தால் பெருக்கி, நிலையான பக்கத்தின் இருமடங்கால் வகுங்கள்: 7 × 36 ÷ 60 = 4.2 அங்குலம். மறுபடி ஆறு அளவும் எடுங்கள். வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய பிறகு நூலை ஒருமுறை மீண்டும் பார்ப்பதும் நல்லது, முளை இடிபடாமல் தோண்டுவது அபூர்வம்.

3-4-5 வைத்துத்தான் மூலை எடுத்தோம். அப்படியும் கோணலாகிவிட்டது. ஏன்?

பக்கங்கள் 3, 4, 5 என்றால் 3-க்கும் 4-க்கும் இடையே செங்கோணம் வரும் என்பது சரிதான், ஆனால் முக்கோணம் சிறிதாக இருந்திருக்கும். 3, 4, 5 அடியில் எடுக்கும்போது 5 அடியில் கால் அங்குலம் (2 நூல்) தவறினால் மூலை அரைப் பாகை விலகும். அதே கோட்டை 30 அடிக்கு நீட்டினால் முனையில் 3 அங்குலத்துக்கு மேல் விலகியிருக்கும். 9, 12, 15 அடியில் எடுத்து அதே கால் அங்குலம் தவறினால், 30 அடியில் விலகல் ஓர் அங்குலம்தான். முக்கோணம் மூன்று மடங்கு பெரிதானால் பிழை மூன்றில் ஒரு பங்கு. இடம் எவ்வளவு அனுமதிக்கிறதோ அவ்வளவு பெரிய முக்கோணம் போடுங்கள்.

இணைகரத்துக்கு நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் போதாதா?

போதாது. அடிப்பக்கத்தைச் செங்குத்து உயரத்தால் பெருக்க வேண்டும். 12, 10 அடிப் பக்கங்களும் 30 பாகைக் கோணமும் உள்ள இணைகரத்தின் உயரம் 5 அடி. பரப்பு 60, பக்கத்தைப் பக்கத்தால் பெருக்கியவர் எழுதும் 120 அல்ல.

மூலைவிட்டத்திலிருந்து பக்க நீளம் காண்பது எப்படி?

சாய்சதுரத்தில் மூலைவிட்டங்கள் நான்கு சமமான செங்கோண முக்கோணங்களைத் தரும். 16, 30 என்றால் பாதிகள் 8, 15, பக்கம் 17. பரப்பு 16 × 30-இல் பாதி, 240. பாதியாக்காமல் 16-ஐயும் 30-ஐயும் வர்க்கம் எடுத்து 34 என்று எழுதுவது மிகச் சாதாரணமாக வரும் பிழை.

இணைகரத்தில் இரண்டு மூலைவிட்ட வர்க்கங்களின் கூடுதல், நான்கு பக்க வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம். பக்கங்கள் 7, 9, ஒரு மூலைவிட்டம் 8 என்றால்: 2 × (49 + 81) = 260; 64-ஐக் கழித்தால் 196; மற்ற மூலைவிட்டம் 14.

இருசமபக்கச் சரிவகத்தில் இணைப் பக்கங்கள் 22, 10, சாய்வுப் பக்கம் 10 என்றால், 12-ஐ இரு புறமும் பிரித்தால் ஆறாறு. உயரம் 8, பரப்பு 128. மூலைவிட்டம் 16, 8 ஆகியவற்றின் மேல் நிற்கும் கர்ணம், சுமார் 17.9.

ஐந்து அளவும் கொடுத்தும் இரண்டு விடை வருகிறதே?

ஒரு மூலை உள்ளே குழிந்திருக்கும் நாற்கரத்தில் அப்படி நடக்கும். அடுத்தடுத்த பக்கங்கள் 13, 13, 15, 15. ஒரு மூலைவிட்டம் 24 என்று வையுங்கள். 13, 13, 24 முக்கோணத்தின் உயரம் 5. 15, 15, 24 முக்கோணத்தின் உயரம் 9. இரண்டும் மூலைவிட்டத்தின் இரு புறமும் இருந்தால் அது பட்டம், பரப்பு 60 + 108 = 168. இரண்டும் ஒரே புறத்தில் இருந்தால் அம்புமுனை உருவம், பரப்பு 108 − 60 = 48. அளவுகளில் ஒன்றுகூட மாறவில்லை.

ஆகையால் எண்களோடு ஒரு கைவரைபடமும் எப்போதும் இருக்க வேண்டும். குழிந்த மூலை உள்ள மனையில் வெளியே போகும் மூலைவிட்டத்தை விட்டுவிட்டு, குழிந்த மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போகும் மூலைவிட்டத்தை அளங்கள். அது முழுக்க உள்ளேயே இருக்கும். கழித்தல் வேண்டியதில்லை, இரண்டு பரப்பையும் கூட்டினால் போதும்.

நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஏன் எப்போதும் இணைகரம் வருகிறது?

எதிரெதிர்க் கோடுகள் இரண்டும் ஒரே மூலைவிட்டத்துக்கு இணையாகவும் அதில் பாதி நீளமாகவும் இருப்பதால். பரப்பும் மொத்தத்தில் சரிபாதி. பிரெஞ்சுக் கணிதர் வாரிஞ்ஞோனின் பெயரால் அறியப்படும் இந்தத் தேற்றம் 1731-இல் வெளிவந்தது. நம் மனையில் இப்படி உள்ளே ஒரு தோட்டம் போட்டால் அது 690 சதுர அடி. அதைச் சுற்றி வேலி 50 + 55.87, ஏறக்குறைய 106 அடி.

ஒரே சுற்றளவுக்கு எந்த நாற்கரம் பெரியது?

சதுரம். 160 அடிச் சுற்றளவுக்கு 40 × 40 என்றால் 1600, 30 × 50 என்றால் 1500, 20 × 60 என்றால் 1200.

எல்லாம் சரியாகச் செய்தும் விடை இடிக்கிறது. எங்கே பார்ப்பது?

அடி, அங்குலத்தைப் பாருங்கள். 40 அடி 6 அங்குலம் என்பது 40.5, 40.6 அல்ல. 55 அடி 10 அங்குலத்தை 55.10 என்று கணிப்பானில் தட்டினால் முக்கால் அடி காணாமல் போகும், அது 55.83. அங்குலத்தை 12-ஆல் வகுத்த பிறகுதான் அடியோடு சேர்க்க வேண்டும். அடுத்து, பக்கங்களை எழுதிய வரிசை: வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று சுற்றிவர எழுதினீர்களா, அல்லது பத்திரத்தில் உள்ளபடி இரண்டு கிழமேலடியையும் முதலில் எழுதிவிட்டீர்களா? பத்திர வரிசையை அப்படியே முக்கோணத்தில் போட்டால் 40-உம் 41-உம் ஒரே மூலையில் சேர்ந்துவிடும். அங்கே அப்படி ஒரு மூலையே இல்லை.